ஒருபொருட் சொற்கள் வேற்றுமை பெற்ற வரலாறு
ஆங்கில மொழியினின்று சில சான்றுகள்

நிகண்டு கற்றோர் ஒரு பொருளுக்குப் பல பெயர் உளவாதலை நன்கறிவர். திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் ஒரு பொருளைக் குறிக்கும் பெயர்களை ஓரிடத்துத் தொகுத்துத் தருவன. அப்பெயர்களிடையே உள்ள நுண்ணிய வேறுபாடுகளைக் கற்போர் இலக்கிய வழக்கினின்றே உணர்ந்துகொள்ளல் வேண்டும். ஆங்கிலம் கற்கும் மாணவரின் நிலை இதனின் வேறானது. ஏறத்தாழ ஒத்த பொருளுடைய இரு சொற்களைத் தந்து அவற்றின் வேற்றுமையைக் காட்டுக என வினாத்தாள் அவரை வினவும். அதற்குரிய விடையை அகராதியும் ஆசிரியரும் தருவர். ஆயின் அவ்வேற்றுமை எக்காலத்தில், எக்காரணத்தால் உண்டாயிற்று என்னும் வினா வகுப்பறையில் எழுதல் அரிது. நெருப்புக்கு வெம்மை போலச் சொல்லுக்குப் பொருள் வேறுபாடும் இயற்கையாய் அமைந்தது என்றே பலரும் கொள்வர்.

வரலாறு கூறுவது வேறு. ஆங்கிலத்தில் இன்று வேற்றுமையுடையனவாய் விளங்கும் சொல்லிணைகளுட் பல ஒரு காலத்தில் ஒரே பொருளையே உணர்த்தின. வேற்றுநாட்டார் வருகையாலும் கல்வி வளர்ச்சியாலும் ஒரு பொருளுக்கு இரு சொற்கள் வந்து சேர்ந்தபோது, அம்மொழி அவ்விரண்டையும் ஒரே தொழிலில் நெடுங்காலம் வைத்திருக்கவில்லை. ஒன்று வழக்கொழிந்தது, அன்றேல் இரண்டும் தொழிலைத் தம்முட் பகிர்ந்துகொண்டன. முதுசத்தைப் பங்கிடும் சகோதரர், ஒருவர் வீட்டையும் மற்றவர் வயலையும் பெற்றுத் தனித்தனியே வாழ்வதுபோல்வது இது. பிரான்சு நாட்டு மொழியறிஞர் மிஷெல் பிரேயால் 1897ஆம் ஆண்டு வெளியிட்ட சொற்பொருளியல் நூலில் இதனைப் பங்கீட்டு விதி எனவே பெயரிட்டு ஆராய்ந்தார். இப்பங்கீடு நிகழ்ந்த முறையை ஆங்கில நாட்டு வரலாற்றோடு வைத்து நோக்குவது பயன் தரும்.

கி. பி. 5ஆம் நூற்றாண்டில் ஆங்கிலரும் சாக்சனியரும் பிரித்தானியாவிற் குடியேறினர். அவர்தம் மொழியே பழைய ஆங்கிலம். 793ஆம் ஆண்டு லிண்டிஸ்ஃபார்ன் தீவிலிருந்த துறவிமடத்தைக் கடலோடிகளான வைக்கிங்கர் கொள்ளையிட்டனர். அதன்பின் ஸ்காண்டிநேவிய நாட்டார் படையெடுத்தும் குடியேறியும் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் நிலைபெற்றனர். அவர் மொழியும் ஆங்கிலமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே அயலவராய் வந்தோர் அயலாராய்க் கலந்து வாழ்ந்தபோது அன்றாடப் பொருள்களுக்கே இரட்டைப் பெயர்கள் உண்டாயின. மேற்சட்டையைக் குறிக்கும் ‘ஷேர்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லும், பாவாடையைக் குறிக்கும் ‘ஸ்கேர்ட்’ என்னும் ஸ்காண்டிநேவியச் சொல்லும் ஒரே வேரிற் பிறந்த இரு கிளைகள். முதற்கண் ஒரே வகை ஆடையின் பெயராயிருந்த அவை, பின்னர் ஒன்று இடைக்கு மேலும் மற்றது இடைக்குக் கீழுமாக உடம்பையே பங்கிட்டுக்கொண்டன.

வானத்தின் பெயரும் இவ்வாறே பிரிந்தது. பழைய ஆங்கிலத்தில் ‘ஹெவன்’ என்னும் சொல்லே கண்ணாற் காணும் வானத்துக்கும் கடவுள் உறையும் விண்ணுலகுக்கும் பொதுவாய் நின்றது. ஸ்காண்டிநேவியர் கொணர்ந்த ‘ஸ்கை’ என்பதற்கு அவர் மொழியில் மேகம் என்பது பொருள். அச்சொல் ஆங்கிலத்திற் புகுந்து, மேகத்தினின்று மேகம் உலாவும் வானத்துக்கு மாறியது. அது வானத்தை எடுத்துக்கொள்ளவே, ‘ஹெவன்’ பெரும்பான்மையும் விண்ணுலகோடு அமைந்தது. மேகத்தைக் குறித்துவந்த ‘வெல்கின்’ என்னும் பழஞ்சொல் செய்யுளுட் சென்று ஒதுங்கியது. அதன் இடத்தைப் பிடித்த ‘கிளவுட்’ என்பதோ முன்னர்ப் பாறைத் திரளையும் குன்றையும் குறித்த சொல். புதிய சொல் ஒன்று வந்தமையால் அதனைச் சூழ்ந்த சொற்களெல்லாம் இடம்பெயர்ந்தமை இங்கே தெளிவாகும்.

பட்டினி கிடத்தலையும் பட்டினியால் இறத்தலையும் உணர்த்தும் ‘ஸ்டார்வ்’ என்னும் வினைச்சொல்லின் வரலாறும் இத்தகையதே. பழைய ஆங்கிலத்தில் அது எவ்வகையாலேனும் இறத்தலைக் குறித்தது. அதனோடு உறவுடைய ஜெர்மன் சொல் இன்றும் அப்பொருளிலேயே வழங்குகின்றது. 14ஆம் நூற்றாண்டுப் புலவராகிய சோசரும் அப்பழம்பொருளில் அதனை ஆண்டுள்ளார். இறத்தலைப் பொதுவாகக் குறிக்கும் ‘டை’ என்னும் சொல் ஸ்காண்டிநேவிய மொழியினின்று வந்ததெனப் பெரும்பாலும் கொள்ளப்படும். அது பரவியபின் ‘ஸ்டார்வ்’ தன் பரந்த நிலத்தை இழந்து, பசியால் இறத்தல் என்னும் சிறு வளவுக்குள் அடங்கியது.

தமிழறிந்தார்க்கு இத்தகைய மாற்றம் புதிதன்று. ‘நாற்றம்’ என்னும் சொல் முன்னாளில் நறுமணத்துக்கும் உரியதாயிருந்து, இந்நாளில் தீநாற்றத்துக்கே உரியதாய்விட்டது. ஆங்கிலத்திலும் இதற்கு ஒப்பான சொல் உண்டு. இன்று தாங்கொணாத் துர்நாற்றத்தைக் குறிக்கும் ‘ஸ்டெஞ்ச்’ என்பது பழைய ஆங்கிலத்தில் மலரின் மணத்துக்கும் வழங்கக்கூடியதாயிருந்தது. பின்னர் ‘ஸ்மெல்’ என்னும் சொல் எழுந்தது. பிரெஞ்சு மொழியினின்று ‘ஓடர்’ வந்து சேர்ந்தது. பொதுப்பொருளை அவை பெற்றுக்கொண்டமையின் பழஞ்சொல்லுக்குத் தீய மணம் ஒன்றே எஞ்சியது.

ஆங்கிலச் சொல் வளத்தைப் பெரிதும் மாற்றிய நிகழ்ச்சி 1066ஆம் ஆண்டு நடந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் மாதம் 14ஆம் நாள் ஹேஸ்டிங்ஸ் போரில் நோர்மண்டிக் கோமகன் வில்லியம் வெற்றிபெற்று இங்கிலாந்தின் அரசனானான். அரசவையிலும் பிரபுக்கள் மாளிகையிலும் நீதிமன்றத்திலும் நோர்மானியரின் பிரெஞ்சு மொழி ஆட்சி செலுத்தியது. வயலிலும் பட்டறையிலும் குடியானவன் குடிசையிலும் ஆங்கிலம் வாழ்ந்தது. அக்காலந் தொட்டு ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டு வரையிற் சுமார் 10,000 பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்திற் புகுந்தன எனக் கணிப்பர்.

இதற்குச் சான்றாக எல்லோரும் எடுத்துக்காட்டுவது விலங்கின் பெயரும் அதன் இறைச்சியின் பெயரும் வேறுபட்டிருத்தலாகும். செம்மறியாடு ‘ஷீப்’, அதன் இறைச்சி ‘மட்டன்’. கன்று ‘காவ்’, அதன் இறைச்சி ‘வீல்’. பன்றி ‘ஸ்வைன்’, அதன் இறைச்சி ‘போர்க்’. உயிருள்ள விலங்கை மேய்த்தவன் ஆங்கிலன். சமைத்த இறைச்சியை உண்டவன் நோர்மானியன். ஆதலால் மந்தையிற் பெயர் ஆங்கிலமாயும் உணவுமேசையிற் பெயர் பிரெஞ்சாயும் அமைந்தன என்பர். 1819ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘ஐவன்ஹோ’ என்னும் நவீனத்தில் சேர் வோல்டர் ஸ்கொட் இக்கருத்தை ஒரு விகடகவியின் வாயில் வைத்துக் கூறினார். அதன்பின் அது பாடப்புத்தகங்கள்தோறும் பரவியது.

இக்கருத்தில் உண்மை உண்டு; ஆயின் முழு உண்மை இல்லை. வெற்றி நிகழ்ந்த மறுநாளே சொற்கள் இவ்வாறு பிரிந்து நின்றன என்று கொள்ளல் தவறாகும். பிரெஞ்சு மொழியில் ஆட்டுக்கும் ஆட்டிறைச்சிக்கும் பெயர் ஒன்றே. ஆங்கிலத்திற் புகுந்த ‘மட்டன்’ என்பதும் பல நூற்றாண்டுகள் உயிருள்ள ஆட்டையும் குறித்தது. 1755ஆம் ஆண்டு வெளிவந்த சாமுவேல் ஜோன்சனின் அகராதி கூட, அதற்கு ஆடு என்னும் பொருளையும் தந்து, அப்பொருள் இப்போது வேடிக்கைப் பேச்சில் மாத்திரம் வழங்குவது எனக் குறித்தது. நோர்மானியர் வந்து ஏறத்தாழ 700 ஆண்டுகள் சென்ற பின்னரும் பழைய கலப்பின் எச்சம் இருந்தது என்பது இதனாற் பெறப்படும். படையெடுப்பு இரு சொற்களை அருகருகே கொண்டுவந்து வைத்தது. அவற்றைப் பங்கிட்டது நெடுங்கால வழக்கே.

விலங்கு என்னும் பொதுப்பெயரின் வரலாறு இதனினும் சுவையுடையது. இன்று மானைக் குறிக்கும் ‘டியர்’ என்னும் சொல் பழைய ஆங்கிலத்தில் எந்த விலங்குக்கும் உரிய பொதுப்பெயர். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘பீஸ்ட்’ என்னும் பிரெஞ்சுச் சொல் வந்து அப்பொதுப்பொருளைக் கைக்கொண்டது. பழஞ்சொல் வேட்டைக்காரர் பெரிதும் விரும்பிய மானுக்குச் சுருங்கியது. பின்னர் இலத்தீன் மொழியினின்று ‘அனிமல்’ வந்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அதன் வழக்கு மிக அருகியே இருந்தது. 1611ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில் அச்சொல் இடம்பெறவேயில்லை. ஆயினும் காலப்போக்கில் பொதுப்பெயர் என்னும் பதவியை அது பெற்றது. ‘பீஸ்ட்’ என்பது கொடுமையும் முரட்டுத்தன்மையும் தோன்றும் பொருளுக்குத் தள்ளப்பட்டது. ஒரே ஆசனத்தில் மூவர் ஒருவர்பின் ஒருவராய் அமர்ந்து, இறங்கியவர் ஒவ்வொருவரும் சிறியதோர் இடத்தைத் தமக்கெனத் தேடிக்கொண்டமை இங்கே காணப்படுகின்றது.

இரு சொற்களும் பங்கிடப்படாது இணைந்தே நின்ற இடமும் ஒன்று உண்டு. அது நீதிமன்றம். 1362ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டமொன்று, வழக்காடுவோர்க்குப் பிரெஞ்சு விளங்காமையால் வழக்குகள் ஆங்கிலத்தில் நடைபெறல் வேண்டுமெனவும், அவற்றின் பதிவுகள் இலத்தீனில் எழுதப்படல் வேண்டுமெனவும் விதித்தது. அச்சட்டமோ பிரெஞ்சு மொழியிலேயே எழுதப்பட்டது. மும்மொழியும் கலந்த இச்சூழலில் சட்ட அறிஞர் ஒரு கருத்தைச் சொல்ல இருமொழிச் சொற்களையும் அடுத்தடுத்து வைத்தனர். இறுதி விருப்பாவணத்தை ‘வில்’ எனவும் ‘டெஸ்டமென்ட்’ எனவும் சேர்த்தெழுதும் வழக்கு அத்தகையது. முன்னது ஆங்கிலம், பின்னது இலத்தீன் வழியது. உடைமைகளைக் குறிக்கும் ‘குட்ஸ்’, ‘சட்டல்ஸ்’ என்னும் இணையும் அவ்வாறே ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்தது. நம் இலக்கணத்தார் ஒருபொருட் பன்மொழி என வழங்கும் அமைதியை ஆங்கிலச் சட்டமொழி இவ்வாறு தனக்கே உரிய முறையிற் கையாண்டது. அவற்றுள் ‘வில்’ என்னும் சொல் தமிழிற் புகுந்து ‘உயில்’ என வழங்குதல் யாவரும் அறிந்ததே.

மூன்றாவது பெருக்கு, மறுமலர்ச்சிக் காலத்தில் அறிஞரின் எழுதுகோல் வழியே வந்தது. 16ஆம் நூற்றாண்டில் இலத்தீன், கிரேக்க நூல்களைப் பயின்றோர் அம்மொழிச் சொற்களைத் திரள்திரளாக ஆங்கிலத்துட் கொணர்ந்தனர். அதனால் எழுந்த பூசல் சிறிதன்று. 1553ஆம் ஆண்டு அணியிலக்கண நூலொன்றை வெளியிட்ட தோமஸ் வில்சன் அத்தகைய சொற்களை மைக்கூட்டுச் சொற்கள் என எள்ளினார். கேம்பிரிட்ஜிற் கிரேக்க மொழிப் பேராசிரியராயிருந்த சேர் ஜோன் சீக், ஆங்கிலம் பிறமொழிக் கலப்பின்றித் தூயதாய் எழுதப்படல் வேண்டுமென வாதாடினார். விவிலியத்தின் ஒரு பகுதியை மொழிபெயர்த்த அவர், பித்தனைக் குறிக்கும் இலத்தீன் வழிச்சொல்லை விலக்கித் திங்களின் பெயரினின்றும், நூற்றுவர் தலைவனைக் குறிக்கும் சொல்லை விலக்கி நூறு என்னும் எண்ணினின்றும் புதிய ஆங்கிலச் சொற்களை ஆக்கினார். கிரேக்கத்திற் பெரும்புலமை படைத்தவரே தாய்மொழியின் தூய்மைக்காக வாதாடியது வியத்தற்குரியது. ஆயின் அவர் ஆக்கிய சொற்கள் நிலைபெறவில்லை; அவர் விலக்கிய சொற்களே நிலைபெற்றன.

இவ்வாறு ஒரு கருத்துக்கு மூன்று படைச் சொற்கள் அமைந்தன. அரசனுக்குரியது என்னும் பொருளில் ‘கிங்லி’ என்பது ஆங்கிலம். ‘றோயல்’ என்பது பிரெஞ்சு. ‘றீகல்’ என்பது இலத்தீன். மூன்றும் முதலில் ஒன்றன் இடத்தில் ஒன்று நிற்கத்தக்கனவாயிருந்தன. இன்றோ அரச குடும்பத்தையும் அரச பதவியையும் சார்ந்ததற்கு ‘றோயல்’ என்பதே உரியது. தோற்றத்திலும் நடையிலும் விளங்கும் பெருமிதத்துக்கு ‘றீகல்’ பொருந்தும். நல்லரசனுக்கு இயல்பான குணத்தைப் புகழும்போது ‘கிங்லி’ தகும். அரசனல்லாத ஒருவரின் நடையில் ‘றீகல்’ என்னும் தன்மை இருத்தல் கூடும். ‘றோயல்’ என்னும் தன்மை இருத்தல் இயலாது.

ஒரே இலத்தீன் சொல் பிரெஞ்சு வழியே ஒருமுறையும் நேரே மற்றொருமுறையும் வந்ததும் உண்டு. எளிதில் உடைவது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல், 14ஆம் நூற்றாண்டிற் பிரெஞ்சு வழியாக ‘ஃபிரெயில்’ எனவும், 16ஆம் நூற்றாண்டில் மீண்டும் ‘ஃபிரஜைல்’ எனவும் வந்தது. தளர்ந்த முதியோரின் உடலுக்கு முன்னதும், கண்ணாடிப் பாத்திரத்துக்குப் பின்னதும் இன்று பெரிதும் உரியன. பருகுவதைக் குறிக்கும் மற்றொரு இலத்தீன் சொல்லினின்று மருந்து நீரைக் குறிக்கும் ‘போஷன்’ என்பதும், நஞ்சைக் குறிக்கும் ‘பொய்ஸன்’ என்பதும் பிறந்தன. ஒரு தாய் வயிற்றிற் பிறந்த இரு பிள்ளைகளுள் ஒருவன் வைத்தியனாயும் மற்றவன் கொலைஞனாயும் ஆயினமை போன்றது இது.

கடினமான புதுச்சொற்கள் பெருகவே, பொருள் கூறும் நூல்கள் வேண்டியனவாயின. ஆங்கிலத்திற்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறிய முதல் அகராதி 1604ஆம் ஆண்டு வெளிவந்தது. அதனை ஆக்கிய றொபேட் கோட்ரி பாடசாலை ஆசிரியராய் இருந்தவர். 2,500க்குச் சற்று மேற்பட்ட சொற்களே அதில் இருந்தன. இலத்தீன் கல்லாத பெண்களுக்கும் பிறருக்கும் உதவுதலே அவர் நோக்கம். ஆதலின் ஒரு கடினச் சொல்லுக்கு எளிய சொல்லொன்றைத் தந்து அமைந்தார். இரண்டுக்கும் இடையே வேற்றுமை உண்டோ என்பதை அந்நூல் ஆராயவில்லை.

அகராதிக் கலையில் அடுத்த பெருநிலை ஜோன்சனுடையது. 1746இல் ஒப்பந்தஞ் செய்து 1755இல் இரு பெருந் தொகுதிகளாக அவர் வெளியிட்ட அகராதியில் 42,000க்கு மேற்பட்ட சொற்களும், ஏறத்தாழ 114,000 மேற்கோள்களும் அமைந்தன. ஒரு சொல்லின் பொருள்களை எண்ணிட்டுப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நல்லாசிரியர் வழக்கைச் சான்றாகக் காட்டியமையே அவர் செய்த பெருந்தொண்டு. இரு சொற்கள் முற்றும் ஒரே பொருளுடையனவாதல் அரிது என்பதையும் தம் முன்னுரையிற் குறித்தார். ஆயினும் அவர் காலத்திற் பிரிந்து முடியாத சொற்கள் சில அவ்வகராதியிலும் உள. மலரைக் குறிக்கும் சொல்லும் மாவைக் குறிக்கும் சொல்லும் ஆங்கிலத்தில் ஒலியால் ஒன்றே. எழுத்தால் இன்று வேறு. தானியத்தின் சிறந்த பகுதியை அதன் மலர் எனக் கூறியதினின்று மாவுக்கு அப்பெயர் வந்தது. ஜோன்சன் இரண்டையும் ஒரே சொல்லாகவே கொண்டு பொருள் எழுதினார். இன்றைய மாணவன் எழுத்துப் பிழை எனச் சிவப்பு மையால் அடிக்கோடு பெறுவது அன்று பேரகராதியின் முறையாயிருந்தது. மனிதனுக்குரியது, இரக்கமுடையது என்னும் இரு பொருளுக்கும் முன்னர் ஒரே வடிவில் எழுதப்பட்ட சொல்லும், 18ஆம் நூற்றாண்டிலேயே ‘ஹியூமன்’, ‘ஹியூமேன்’ என வடிவாலும் பொருளாலும் பிரிந்தது.

சொற்களிடையே வேற்றுமை காண்பதையே நோக்கமாகக் கொண்ட நூல்கள் முதலிற் பிரான்சிலேயே சிறந்தன. 1718ஆம் ஆண்டு பாதிரியார் ஜிரார் வெளியிட்ட பிரெஞ்சு நூல் அதற்கு வழிகாட்டியது. அதனைப் பின்பற்றி 1766இல் ஜோன் டிரஸ்லர் ஆங்கிலத்தில் இத்துறையில் நூல் வெளியிட்டார். 1794இல் ஹெஸ்டர் பியோசி என்னும் பெண்மணி இரு தொகுதிகளில் ஒரு நூலை வெளியிட்டார். அவர் ஜோன்சனின் நெடுநாள் நண்பர். இத்தாலிய இசைவாணர் ஒருவரை மணந்தவர். அயல்நாட்டார் ஆங்கிலத்தில் உரையாடும்போது எச்சொல்லை எங்கே வழங்குதல் தகும் என்பதைக் காட்டுவது அந்நூலின் நோக்கங்களுள் ஒன்று. ஒரு மொழியிற் பிறந்து வளர்ந்தோர் எண்ணிப்பாராத வேற்றுமைகளை அதனைக் கற்போரே முதலிற் கேட்பர் என்பதற்கு அவர் இல்லமே சான்றாயிருந்திருத்தல் வேண்டும்.

1816இல் ஜோர்ஜ் கிராப் வெளியிட்ட நூல் நெடுங்காலம் பயிலப்பட்டது. அவர் சொற்பிறப்பையும் தருக்கத்தையும் கொண்டு வேற்றுமைகளை வகுத்தார். 1852இல் மருத்துவரும் றோயல் சங்கத்தின் செயலாளராய் இருந்தவருமாகிய பீற்றர் மார்க் றொஜே, தமது 73ஆம் வயதில், முற்றும் வேறானதொரு நூலை வெளியிட்டார். உலகத்துக் கருத்துகளை 1,000 தலைப்புகளாக வகுத்து, ஒவ்வொன்றின் கீழும் அதற்குரிய சொற்களைத் தொகுத்தார், வேற்றுமை கூறவில்லை. நம் நிகண்டுகளின் போக்கையே அது ஒத்தது. கிராப் வேற்றுமையை விதித்தார். றொஜே அதனை வாசகரின் அறிவுக்கு விட்டார்.

ஆயின் விதித்த வேற்றுமைகள் மெய்யாகவே வழக்கில் இருந்தனவா என்பதைச் சோதிக்கும் கருவி அக்காலத்தில் இருக்கவில்லை. 1857ஆம் ஆண்டு ரிச்சர்ட் செனவிக்ஸ் டிரென்ச் என்னும் அறிஞர் இலண்டன் மொழியியற் சங்கத்தின் முன், அகராதி ஆசிரியன் ஒரு வரலாற்றாசிரியனே, நல்லது தீயது தெரிந்தெடுக்கும் நடுவனல்லன் என்னும் கருத்தை நிலைநாட்டினார். அதன் பயனாய் எழுந்தது ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதி. 1879 முதல் ஜேம்ஸ் மறே அதன் ஆசிரியராய் உழைத்தார். முதற் பகுதி 1884இல் வெளிவந்தது. இறுதிப் பகுதி 1928இல், மறே மறைந்து 13 ஆண்டுகள் சென்றபின், வெளிவந்தது. பல்லாயிரம் நூல்களினின்று தொண்டர்கள் எழுதியனுப்பிய மேற்கோள்களால் ஒவ்வொரு சொல்லின் ஒவ்வொரு பொருளும் ஆண்டுவாரியாக நிறுவப்பட்டது. அச்சான்றுகளை அடிப்படையாகக் கொண்டு, கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் 1965இல் மைக்கேல் சாமுவெல்ஸ் தொடங்கிய வரலாற்றுச் சொற்களஞ்சியம் 2009இல் நிறைவுற்று வெளிவந்தது. ஒரு கருத்துக்கு எந்த ஆண்டில் எந்தச் சொற்கள் இருந்தன என்பதை இன்று எவரும் அதிற் காணலாம்.

இச்சான்றுகள் வெளியானபோது வகுப்பறை விதிகள் சில ஆட்டங்கண்டன. தன்னலம் கருதாத நடுவுநிலைமையை ‘டிஸின்டரெஸ்டட்’ என்பது உணர்த்தும்; அக்கறையின்மையை ‘அன்இன்டரெஸ்டட்’ என்பது உணர்த்தும்; இரண்டையும் மயக்குதல் கல்லாதார் செயல் என ஆசிரியர் கற்பித்தனர். அகராதிச் சான்றோ, 17ஆம் நூற்றாண்டில் முன்னதற்கு அக்கறையின்மை என்னும் பொருளும், பின்னதற்கு நடுவுநிலைமை என்னும் பொருளும் இருந்தமையைக் காட்டுகின்றது. இன்று தவறு எனப்படும் வழக்கே முந்தியது. விட்டுவிட்டுப் பலமுறை நிகழ்வதற்கு ‘கொன்டினியுவல்’, இடையறாது நிகழ்வதற்கு ‘கொன்டினியுவஸ்’ என்பதும், வரலாற்றைச் சார்ந்ததற்கு ‘ஹிஸ்டோரிக்கல்’, வரலாற்றிற் சிறப்பிடம் பெற்றதற்கு ‘ஹிஸ்டோரிக்’ என்பதும் இவ்வாறே பிற்காலத்தில் உறுதிபெற்ற பாகுபாடுகள்.

இதுகொண்டு, வேற்றுமைகள் யாவும் கற்பனையே; எவரும் எச்சொல்லையும் வேண்டியவாறு வழங்கலாம் எனக் கூறுவோரும் உளர். அது வரலாற்றைப் பாதி கற்றோர் கூற்று. முன்பு ஒன்றாயிருந்த நிலம் பங்கிடப்பட்டது என்பதனால் இன்று வேலியே இல்லை என்றாகாது. 1926இல் ஆங்கில வழக்கு அகராதியை வெளியிட்ட ஃபவுலர், 17 ஆண்டுகள் பாடசாலை ஆசிரியராய் இருந்து மாணவர் கட்டுரைகளைத் திருத்தியவர். ஒரே பொருளில் நின்ற இரு சொற்கள் வேறுவேறு பொருள் பெறுதலை மொழிக்குக் கிடைத்த ஊதியமாகவே அவர் கருதினார். ஒன்றுக்கு இரண்டாய் வீணே கிடந்த சொற்கள், பிரிந்தபின் இரு கருத்துகளைச் சொல்ல உதவுகின்றன அன்றோ? அவை மீண்டும் மயங்குமாயின் இழப்பது ஒரு சொல்லை மட்டுமன்று. ஒரு கருத்தைச் சுருங்கச் சொல்லும் ஆற்றலையுமாம்.

இப்பங்கீடு தமிழ்ச் சொல்லொன்றையும் தீண்டியது. வங்காள விரிகுடாவின் மேற்குக் கரையில், சோழமண்டலக் கடற்கரையில், மரங்களைப் பிணித்துக் கட்டிய மிதவைகளைக் கண்ட வில்லியம் டாம்பியர் என்னும் மாலுமி, 1697இல் வெளியிட்ட தம் பயண நூலில் அவற்றைக் கட்டுமரம் என்னும் பெயராலேயே குறித்தார். அச்சொல் ஆங்கிலத்திற் புகுந்தபோது மிதவைக்கு ‘றாஃப்ட்’ என்னும் ஸ்காண்டிநேவிய வழிச்சொல் முன்னரே இருந்தது. 1876இல் அமெரிக்கப் படகுச் சிற்பி நதானியேல் ஹெரஷொஃப் இரட்டை உடல் கொண்ட பாய்ப்படகொன்றை ஆக்கி ஓட்டப்போட்டியிற் பிற படகுகளை வென்றார். அத்தகைய இரட்டைப் படகுக்கே கட்டுமரத்தின் பெயர் நிலைத்துவிட்டது. இன்று ஆங்கிலேயர் அச்சொல்லாற் குறிப்பதும் நம் கடற்றொழிலாளர் அச்சொல்லாற் குறிப்பதும் ஒன்றல்ல. மிதவை என்னும் இடம் முன்னரே நிரம்பியிருந்தமையால் புதுச்சொல் வேறு இடம் தேடிக்கொண்டது எனலாம்.

ஆகவே சொல் வேற்றுமையைக் கற்பிப்போரும் கற்போரும் இரண்டை மறத்தலாகாது. அவ்வேற்றுமை அனாதியானதன்று, மக்கள் கூடி வாழ்ந்தும் போரிட்டும் கற்றும் எழுதியும் நூற்றாண்டுகளில் ஆக்கிக்கொண்டது. ஆக்கப்பட்டது என்பதனாலேயே காக்கப்படவேண்டியதும் ஆகின்றது. நீதிமன்றத்தில் நிற்கும் வழக்காளிக்கு வேண்டுபவர் யார்? தம் நலத்தில் நாட்டமின்றி வழக்கில் நாட்டமுடைய நீதிபதி. தமிழர் நடுவுநிலைமை என்னும் ஒரு சொல்லால் அக்குணத்தைத் தெளிவாகக் குறித்தனர். வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே வகுத்தார். ஆங்கிலமோ இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இரு சொற்களை மெல்ல மெல்லப் பிரித்தே அதனைக் குறிக்கும் வழி கண்டது. அவ்விரு சொற்களும் ஒன்றாய் மயங்குமாயின், நீதிபதி பக்கஞ் சாராதவரா, அன்றி வழக்கையே கவனியாதவரா என்பதை அச்சொல்லால் அறிதல் இயலாது. வினாத்தாளில் இரண்டு புள்ளிகளே பெறும் ஒரு வேற்றுமையின் பின்னால் நிற்பது இத்துணைப் பெரிய பொருள்.